ஒரு பிராக்கெட், நாலு ஃபைல்

கேமரா ஸ்லைடர் வேலை மூன்று வாரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது, காரணம் 3டி பிரிண்ட் போட வேண்டிய மோட்டார் பிராக்கெட். டிசைன் வேலையில் இருக்கும் நண்பன் "என்கிட்ட ரெடியா இருக்குடா, எடுத்துக்கோ" என்று சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருளில் வரைந்ததை அப்படியே அனுப்பிவிட்டான். என்னிடம் இருப்பதோ அதே வகையில் இலவசமான ஃப்ரீகேட். சாலிட்வொர்க்ஸின் சொந்த ஃபைலை அது படிக்காது.

சரி, வடிவத்தை முக்கோண வலையாகச் சேமிக்கும் எஸ்டிஎல் ஃபைலாகக் கொடு என்றேன். திறந்தால் திரையில் ஒரு துணுக்கு. பெரிதாக்கி அளந்தேன், திருகுத் துளைகளுக்கு நடுவே 1.22 மி.மீ. நீமா 17 என்ற தர அளவுள்ள என் மோட்டாரில் அது 31 இருக்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் 25.4, அட, அங்குலம்! எஸ்டிஎல்லில் அலகு என்று எதுவும் இருக்காது, வெறும் எண்கள்தான். அவன் அங்குலத்தில் சேமித்ததை ஃப்ரீகேட் மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

25.4 மடங்கு பெரிதாக்கினேன், மெஷ்ஷிலிருந்து (அந்த முக்கோண வலை) ஷேப், ஷேப்பிலிருந்து சாலிட் (திட உடல்) என்று மாற்றினேன், எல்லாம் ஆனது. ஆனால் துளையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அது வட்டமே இல்லை, உள்ளே சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டைப் பட்டைகள். எண்ணினேன், 36. ரீஃபைன் ஷேப் என்ற கட்டளை போட்டதில் சமதள முக்கோணங்கள் ஒன்றாகச் சேர்ந்தன, வளைவுகள் அப்படியே கிடந்தன. பிரிண்ட் போட மட்டும் என்றால் இது போதும், திருத்த உதவாது. எனக்கோ 3.2 மி.மீ. துளையை 3.6 ஆக்க வேண்டும், என் பிரிண்டரில் துளைகள் இறுகித்தான் வரும்.

மறுபடி போன் போட்டு, வளைவை வளைவாகவே வைத்திருக்கும் ஸ்டெப் ஃபைல் கேட்டேன். முதலில் ஏபி203 என்ற ஸ்டெப் வகையில் வந்தது, பிராக்கெட்டோடு சேர்ந்து வந்த மோட்டார், திருகு, பேரிங் எல்லாம் ஒரே சாம்பல் நிறம், எது எது என்று தெரியவில்லை. ஏபி214 வகையில் மாற்றி அனுப்பச் சொன்னதும் நிறங்களோடு வந்தது. அலகு ஃபைலுக்குள்ளேயே இருப்பதால் அளவும் சரியாக 31. ஆனால் ஒவ்வொரு திருகிலும் மரையை நிஜமாகவே சுருள் சுருளாக வரைந்து வைத்திருந்தான், மாடலைத் திருப்பினாலே லேப்டாப் விசிறி அலறியது. திருகுகளை அழித்த பிறகுதான் அது மூச்சு விட்டது.

ஸ்டெப்பில் வந்தாலும் அவன் எந்த வரிசையில் வெட்டினான், எந்த ஸ்கெட்ச்சிலிருந்து (தட்டையான கோட்டுப்படம்) இழுத்தான் என்பதெல்லாம் வராது, ஃப்ரீகேட்டின் பட்டியல் மரத்தில் வெறும் உடல் மட்டும்தான். 3.2 என்று எழுதிய இடத்தைத் தேடி ஒரு மாலை முழுக்க வீணடித்தேன், அப்படி ஒரு இடமே இல்லை. வழி என்னவென்றால், ஃப்ரீகேட்டின் பார்ட் வொர்க்பெஞ்ச் என்ற கருவிப் பகுதியில் துளையின் உள்முகத்தைத் தேர்ந்தெடுத்து டிஃபீச்சரிங் கட்டளை கொடுத்தால் துளை பூசி மெழுகியதுபோல் மூடிக்கொள்கிறது. அப்புறம் அந்த உடலை பார்ட் டிசைன் என்ற இன்னொரு பகுதியின் பாடிக்குள் இழுத்துப் போட்டு, துளை இருந்த தட்டை முகத்தில் புது ஸ்கெட்ச், 31-க்கு 31 சதுரத்தில் நாலு வட்டம், பிறகு வட்டங்களைத் துளையாக வெட்டும் பாக்கெட். அவ்வளவுதான்.

ஒரு மூலையில் மட்டும் இரண்டு ஃபில்லெட் (உருட்டிய விளிம்பு) சந்திக்கும் இடத்தை நீக்க முடியவில்லை, எத்தனை முறை கொடுத்தாலும் பிழைதான் வந்தது. அந்த மூலை யார் கண்ணிலும் படாது, விட்டுவிட்டேன்.

நேற்று இரவு முதல் பிரிண்ட். திருகுகள் நாலும் இறங்கின. மோட்டார் முகத்தில் இருக்கும் 22 மி.மீ. வட்ட மேடுதான் நுழையவில்லை, அந்தத் துளையைப் பெரிதாக்க மறந்தே போயிருக்கிறேன். அதை 22.4 ஆக்கி இன்று மறுபடி போட்டிருக்கிறேன், இன்னும் 2 மணி நேரம் ஓடும்.