உறுதியுரையில் கையெழுத்து வைக்க முதல்

பிரதேச சபைத் தேர்தலுக்கு எங்கள் சுயேச்சைக் குழு குடுத்த வேட்புமனு ஒருமாதிரித் தப்பிவிட்டது. 2025 மார்ச் 20 மதியத்தோடு முடிந்த அந்த ஓட்டத்தில் கட்டுப்பணம் கட்டியது, வட்டாரங்களுக்கு ஆள் பிடித்தது, பெண்கள் ஒதுக்கீட்டை நிரப்பியது எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. என்னைச் சாகடித்தது ஒற்றைப் பக்கக் கடதாசி ஒன்று. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள உறுதியுரை.

பிரதேச சபைக்குக் கேட்கிறவர்களும் அதில் கையெழுத்து வைத்து வேட்புமனுவோடு இணைக்க வேண்டும். அரசியலமைப்பைப் பேணிப் பாதுகாப்பேன், இலங்கைக்குள் தனிநாடு அமைவதை எந்த வழியிலும் ஆதரிக்க மாட்டேன் என்பது சாரம். பாதுகாக்கப்போகிற அந்தப் புத்தகத்தை ஒரு தரமாவது திறந்து பார்த்தீர்களா என்று எந்த இடத்திலும் எவரும் கேட்கமாட்டார்கள். படிப்புத் தகுதியும் இல்லை, பரீட்சையும் இல்லை.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதுதான் பிரச்சினையானது. மாதர் சங்கத்து அக்கா ஒருவர் எழும்பி, "வாசிக்காமல் கையெழுத்து வைக்கிற ஆளை நாளைக்குச் சபைக்கு அனுப்பினால், அங்கையும் வாசிக்காமல்தானே கை உயர்த்தப்போகினம்?" என்று கேட்டுவிட்டார். பதில் சொல்ல ஆளில்லை. அதனால் நாங்களாகவே ஒரு நிபந்தனை போட்டோம். பெயர் கொடுக்கிறவர் குறிப்பிட்ட சில உறுப்புரைகளை வாசித்து, சனத்துக்கு முன்னால் தன் வாயால் விளங்கப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டியல்.

முதல் அலைச்சல் புத்தகத்துக்கு. தமிழ்ப் பிரதி இருக்குமா என்று ஒரு அலுவலகத்தில் கேட்டேன். அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "சின்ன எலெக்சனுக்கு உதெல்லாம் ஏன் தங்கச்சி?" என்றார். அரை நாள் லீவு அதோடு போனது. கடைசியில் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருந்து இறக்கி, கொமினிகேஷன் கடையில் அச்செடுத்தோம். ஒன்று சொல்லிவைக்கிறேன்: கைமாறிக் கைமாறி வருகிற பழைய பிரதிகளை நம்பாதீர்கள். எங்களுக்கு முதலில் கிடைத்தது 19ஆம் திருத்தத்தோடு நின்றுவிட்டது. 2022 இல் வந்த 21ஆம் திருத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அச்செடுங்கள். பக்கத்துக்குப் பக்கம் காசு.

வாசிப்பு நான் நினைத்ததைவிடச் சூடாகப் போனது. இறைமை மக்களிடம் இருக்கிறது என்கிற 3ஆம் உறுப்புரையும் சமத்துவத்துக்கான 12உம் சுகமாகத் தாண்டின. ஒற்றையாட்சி என்கிற 2ஆம் உறுப்புரையிலும், பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிற 9ஆம் உறுப்புரையிலும் வந்து எல்லாரும் நின்றுவிட்டார்கள். "இதைப் பாதுகாப்பன் எண்டு நான் கையெழுத்து வைக்கவோ? பேந்து சமஷ்டி எண்டு வாயே திறக்கேலாதே?" என்றார் ஒரு ஐயா. நியாயமான பயம். இந்த உறுதியுரையை அரசியலமைப்பில் சேர்த்த ஆறாம் திருத்தம் வந்த 1983 இல் அதை எடுக்க மறுத்துத்தான் தமிழர் விடுதலைக் கூட்டணியினர் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தார்கள். ஐயா அந்தக் காலத்து ஆள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் கைகொடுத்தார். தமிழரசுக் கட்சி பிரிவினை கேட்கிறது என்று தனிநாட்டை ஆதரிப்பதைத் தடைசெய்கிற 157ஏ உறுப்புரையின் கீழ் போட்ட வழக்கில், ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதாகாது என்று உயர் நீதிமன்றம் 2017 ஓகஸ்டில் தீர்ப்புச் சொன்னதை எடுத்துக் காட்டினார். ஐயா தீர்ப்பை ஆறுதலாக வாசித்துவிட்டுத்தான் பேனையை எடுத்தார். எங்கள் குழுவில் முழுசாகத் தெரிந்து கையெழுத்து வைத்த முதல் ஆள் அவர்தான் என்பேன்.

அடுத்தது, உறுதியுரையை யார் முன்னால் எடுக்கிறோமோ அந்த ஜே.பி., அதாவது சமாதான நீதவான். அவரைப்பற்றி எழுதும்போதே இன்னும் கொதிக்கிறது. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால், "பிள்ளையள் ஏன் வெயிலுக்க நிக்கினம்? கட்டைத் தாங்கோ, வைச்சுவிடுறன்" என்கிறார். சத்தியம் எடுக்கிற ஆள் முன்னால் நிற்கவேண்டாமா? வாசித்துக் காட்டவேண்டாமா? நான் விடவில்லை, ஒவ்வொருவராக வாசித்தார்கள். அவர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால் சிலதில் திகதி இல்லை, ஒன்றில் முத்திரையே இல்லை. திரும்பி ஓடினால் ஆள் கலியாணவீட்டுக்கு வவுனியா போய்விட்டார். பிறகு வேறொரு ஜே.பி.யிடம் அந்தக் கடதாசிகளைப் புதிதாகவே எழுதி எடுத்தோம். நீங்கள் போனால் வாசலைத் தாண்ட முதல் பெயர், திகதி, கையெழுத்து, முத்திரை நாலையும் ஒவ்வொரு தாளிலும் பாருங்கள். உறுதியுரை இல்லாத வேட்புமனுவை நிராகரிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழிலும் அதே கவனம் வேண்டும். இடப்பெயர்வுக்குள் பிறந்த பிள்ளைகளின் பதிவு எந்தப் பிரிவில் கிடக்கிறது என்று தேடவே நாள் போகும். "போட்டோக்கொப்பி காணும்" என்று ஒருவர் எங்களுக்கும் சொன்னார். கேட்கவில்லை, பதிவாளர் உறுதிப்படுத்திய பிரதியையே எடுத்தோம். அந்த முறை அதே விசயத்தில் நிராகரிக்கப்பட்ட பட்டியல்கள் நீதிமன்றம் வரை போனதை எல்லாரும் பார்த்தோம்.

இப்படி ஒரு பரீட்சையை அரசாங்கமே வைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை. வன்னியில் கேள்வி கேட்கிற கதிரையில் யார் இருப்பார், யாரைப் 'பெயில்' ஆக்குவார் என்பது தெரிந்த கதை. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரை ஊர்ச்சனம் கேட்கட்டும். தோற்றால் சனத்திடம் தோற்கட்டும்.

எங்கள் தம்பி ஒருவன், வனத் திணைக்களம் எல்லைக்கல் போட்ட காணிகளைப் பிரதேச சபை மீட்டுத் தரும் என்று நோட்டீஸ் அடித்து வைத்திருந்தான். மாகாண சபைகளின் அதிகாரங்களைச் சொல்கிற அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையையும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தையும் வாசித்தபிறகு முகம் மாறிவிட்டது. சபையின் கையில் இருப்பது வீதி, பொதுச் சுகாதாரம், சந்தை மாதிரியான அலுவல்கள்; அரச காணி அதற்கு எட்டாது. சபையில் தீர்மானம் போட்டு அனுப்பலாம், குரல் கொடுக்கலாம், அவ்வளவுதான். கூட்டத்தில் அதை அவனே சொன்னான். பழைய நோட்டீசை விட்டுவிட்டு, உள்வீதிகளுக்கு மதகு, சந்தைக்கு மலசலகூடம் என்று மாற்றி அடித்தான். முதல் கட்டுக்குக் குடுத்த காசை அச்சகக்காரர் திருப்பித் தரவில்லை.