ஓட்டில் கீறிய ஓட்டு

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களிடம் இருக்கும் சொற்பட்டியலில் ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற வினைக்கு எதிரே ‘விலக்கு’ என்று மட்டும் இருக்கும். மனப்பாடம் செய்ய அது போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஊரைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது.

ஏதென்ஸ், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. கிரேக்கத்தில் ‘ஆஸ்ட்ரகான்’ என்றால் உடைந்த பானை ஓடு. கிளிஞ்சல் ஓட்டுக்கும் அதே பெயர்தான். ‘இந்த வருஷம் யாரையாவது வெளியேற்ற வேண்டுமா?’ என்று ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் சபையில் கேட்பார்கள். ஆம் என்று முடிவானால், பிறகு ஒரு நாள் சந்தைத் திடலில் கூடி ஆளுக்கு ஓர் ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். அதிகம் பேர் எழுதிய ஆள் பத்து நாளுக்குள் கிளம்ப வேண்டும். பத்து வருஷம் ஊர்ப்பக்கம் வரக் கூடாது. குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது. சொத்தும் குடியுரிமையும் மட்டும் அப்படியே இருக்கும். ஒருவரே செல்வாக்கு மிஞ்சி சர்வாதிகாரி ஆகிவிடுவாரோ என்ற பயத்தில் செய்த ஏற்பாடு இது.

கி.மு. 482ல் ‘நேர்மையாளர்’ என்று பேரெடுத்த அரசியல் தலைவர் அரிஸ்டைடிஸை அனுப்பினார்கள். எழுதத் தெரியாத ஒரு கிராமத்து ஆள், யாரென்று தெரியாமல் அவரிடமே ஓட்டை நீட்டி, ‘அரிஸ்டைடிஸ்னு எழுதிக் கொடுங்க’ என்றானாம். ‘அவர் உனக்கு என்ன கெடுதல் செய்தார்?’ ‘ஒண்ணுமில்ல. எங்கே போனாலும் நேர்மையாளர், நேர்மையாளர்னு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு.’ அவர் பேசாமல் தன் பெயரை எழுதிக் கொடுத்தார் என்கிறார், பிற்காலத்தில் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க். பாரசீகப் படை வந்தபோது கெடு முடியும் முன்பே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸ் சரிவில் ஒரு கிணற்றில், அதே காலத்து இன்னொரு தலைவரான தெமிஸ்டாக்ளிஸ் பெயர் கீறிய சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. கையெழுத்தைப் பார்த்தால் எழுதியவர்கள் 14 பேர்தான்! முன்கூட்டியே எழுதி வைத்து மக்கள் கையில் கொடுக்கத் தயார் செய்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இன்றைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ஓடும் வேண்டாம், கெடுவும் கிடையாது. ஒரு கூட்டம் சேர்ந்து ஒருவரைத் தள்ளி வைப்பது, அவ்வளவுதான். ‘பானிஷ்’ வேறு, நாடு கடத்த ஓர் அரசன் போதும். இதற்கு ஊரோ, அலுவலகமோ, உறவுக்கூட்டமோ வேண்டும். பெரும்பாலும் செயப்பாட்டு வினையில் வரும்: ‘ஹி வாஸ் ஆஸ்ட்ரசைஸ்டு பை ஹிஸ் கலீக்ஸ்’.

சரி, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்றேன். அக்கா சாதி மாறிக் கல்யாணம் செய்த பிறகு எந்த விசேஷத்துக்கும் தங்களை உறவினர்கள் அழைப்பதில்லை என்று ஒரு பெண் எழுதினாள். அவள் சம்மதித்ததால்தான் இங்கே சொல்கிறேன். அரிஸ்டைடிஸுக்குப் பத்து வருஷம் என்ற கணக்காவது இருந்தது. இவர்கள் வீட்டுக்கு யாரும் எந்தக் கெடுவும் சொல்லவில்லை. ‘இதுக்குப் பெயர்ச்சொல் என்ன சார்?’ என்று கேட்டாள். ‘ஆஸ்ட்ரசிசம்’ என்று கரும்பலகையில் எழுதினேன்.