பெயரில்லாத 640 கற்கள்

புதுச்சேரியில் நான் வளர்ந்த தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். பென்ஷன் நாளில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கிளம்பிப் போவார். அவர் சைகோனில் இருந்தவர் என்பது தெருவுக்கே தெரியும். அங்கே என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. பள்ளியில் படிக்கும்போது நான் ஒரே ஒரு தரம் கேட்டேன். "அதுவும் நம்மள மாதிரி சோறு திங்கிற சனம்தான் பாப்பா" என்றார். அதற்கு மேல் பேசாமல் உள்ளே எழுந்து போய்விட்டார்.

இந்த மார்ச்சில் பன்னிரண்டு நாள் வியட்நாமில் சுற்றினேன். அவர் சொன்னது கூடவே வந்தது.

முதலில் சைகோனில்தான் இறங்கினேன். ட்ரூவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. உள்ளே போனால் கும்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வியட்நாமியர்கள். ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடி சுவரில் நெற்றியை வைத்து அம்மனிடம் ஏதோ முணுமுணுக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் தோன் தாத் தியெப் தெருவில் செட்டியார்கள் கட்டிய தெண்டாயுதபாணி கோயில். தெற்கு வியட்நாமில் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்த வட்டித் தொழிலில் நம் செட்டியார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1930களில் நெல் விலை சரிந்தபோது கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின, அந்தக் கோபமும் வளர்ந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாகப் போன புதுச்சேரிக்காரர்கள் சந்தையில் வரி வசூலித்தார்கள், போலீசில் இருந்தார்கள், சிறையில் காவல் நின்றார்கள். கோயிலைப் பார்த்துப் பூரிக்கிற நாம் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அங்கே நம்மவர்கள் பெரும்பாலும் ஆளுகிறவன் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

சைகோனை 1859லேயே பிரான்ஸ் பிடித்துவிட்டது. 1884க்குள் வடக்கும் நடுப்பகுதியும் அவர்கள் கைக்கு வந்தன. பிறகு நாட்டை மூன்றாகப் பிரித்து கொச்சின்சீனா, அன்னாம், டோங்கின் என்று பெயர் வைத்தார்கள். 1887ல் கம்போடியாவையும் சேர்த்து இந்தோசீனா ஆக்கினார்கள், லாவோஸ் பின்னால் வந்தது. அவர்களுடைய வரைபடத்தில் வியட்நாம் என்ற பெயரே கிடையாது. மக்கள் எல்லாரும் 'அன்னாமித்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

இந்தப் பெயர் விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்று சொல்கிறேன். வியட்நாமில் ஒருவரிடம் பேசத் தொடங்கும் முன் அவர் வயதைக் கணிக்க வேண்டும். அவர்கள் பேச்சில் 'நீ', 'நான்' என்பதற்குப் பதில் பெரும்பாலும் அக்கா, தம்பி, சித்தப்பா, பாட்டி என்ற உறவுச் சொற்கள்தான். ஹனோயில் எனக்கு வழிகாட்டியாக வந்த பையன் இரண்டாவது நிமிடமே என் வயதைக் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு என்னை 'சி' என்றே கூப்பிட்டான். அக்கா என்று அர்த்தம். விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோ சி மின்னை எல்லாரும் 'பாக் ஹோ' என்கிறார்கள். 'ஹோ மாமா' என்று நாம் படித்திருக்கிறோம், உண்மையில் 'பாக்' என்றால் பெரியப்பா. இப்படி ஒரு ஊரில், நேற்று கப்பலில் வந்து இறங்கிய இருபது வயது பிரெஞ்சுக்காரன் எழுபது வயதுப் பெரியவரை 'வூ' என்று மரியாதையாகச் சொல்லாமல் 'து' என்று ஒருமையில் கூப்பிட்டிருக்கிறான். வரி, சிறை எல்லாவற்றோடும் இதுவும் அந்த மக்கள் மனதில் ஆறாத புண்ணாக இருந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஹனோயில் ஹோவா லோ சிறை. மண் அடுப்பு செய்கிறவர்கள் குடியிருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். 1896ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குடியிருப்பை எடுத்துவிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 450 பேருக்காகக் கட்டிய இடத்தில் பிரெஞ்சு ஆட்சியின் கடைசிக் காலத்தில் 2,000 பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள். இன்று அதில் ஒரு பகுதிதான் மிச்சம், மற்றதை 1990களில் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். உள்ளே நீளமான மேடைகளில் இரண்டு வரிசையாக ஆளுயரச் சிலைகள், ஒவ்வொன்றின் காலும் தொழுமரத்தில் மாட்டியிருக்கிறது. தனி இருட்டறைகளில் தரையைச் சாய்வாகப் போட்டிருக்கிறார்கள். படுத்தால் தலை கீழே, கால் மேலே. ஒரு பொறியாளர் மேசையில் உட்கார்ந்து இந்தச் சாய்வை அளந்து வரைந்திருப்பார் இல்லையா? தலை வெட்டும் எந்திரமான கில்லட்டினைப் பார்த்தபோதுகூட இப்படி நடுங்கவில்லை.

முற்றத்தில் ஒரு மரம். நாம் பாதாம் மரம் என்று சொல்லும் நாட்டு வாதுமை, எங்கள் கடற்கரைப் பக்கம் வீட்டுக்கு வீடு நிற்கும் அதே மரம். அதன் இலையும் பட்டையும் கைதிகளுக்கு வயிற்றுப்போக்குக்கும் புண்ணுக்கும் மருந்து. கொட்டையை உடைத்துத் தின்றார்கள். குச்சியில் புல்லாங்குழல் செய்தார்கள். 1951 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு மரண தண்டனைக் கைதிகள் 16 பேர் சாக்கடை வழியாக வெளியேறினார்கள், தப்பிப் பிழைத்தது 5 பேர். அந்தச் சாக்கடையின் அறுத்த இரும்புக் கம்பிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். என் தோள் அந்த இடைவெளியில் நுழையாது.

பின்னாளில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த தளபதி வோ நுயென் ஜியாப்பின் முதல் மனைவி இந்தச் சிறையில்தான் இறந்தார். ஜியாப் அதற்கு முன் சரித்திர ஆசிரியர், எந்த ராணுவப் பள்ளியிலும் படித்தவர் இல்லை.

1944-45ல் வடக்கு வியட்நாமில் பெரும் பஞ்சம். ஜப்பானியப் படை நாட்டில், பிரெஞ்சு நிர்வாகம் அதற்கு ஒத்துழைப்பு. கட்டாய நெல் கொள்முதல், நெல் விளைந்த வயலில் சணல், குண்டுவீச்சில் அறுந்த போக்குவரத்து, மேலே வெள்ளம். செத்தவர்கள் நாலு லட்சம் என்பவர்களும் உண்டு, இருபது லட்சம் என்பவர்களும் உண்டு. அந்தப் பஞ்சம் முடிந்த சூட்டில்தான் 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா தின் மைதானத்தில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனம் வாசித்தார். பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனத்தையே அதில் எடுத்துக் காட்டினார். பிரான்ஸ் விடவில்லை. 1946 நவம்பரில் ஹைபோங் துறைமுக நகரத்தின் மேல் போர்க்கப்பலில் இருந்து குண்டு பொழிந்தது. டிசம்பர் 19ல் முழுப் போர் தொடங்கியது. எட்டு வருடம்.

அந்த எட்டு வருடம் முடிந்த இடத்துக்குத்தான் நான் போக வேண்டியிருந்தது. ஹனோயில் இருந்து டியன் பியன் பூவுக்கு விமானம் உண்டு, ஒரு மணி நேரம். நான் வேண்டுமென்றே படுக்கைப் பேருந்தில் போனேன். ஏறும்போதே செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போடச் சொல்கிறார்கள். விடியும் நேரத்தில் ஃபா தின் கணவாய், 32 கிலோமீட்டர் வளைவுப் பாதை, உச்சி 1,648 மீட்டர். ஜன்னலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம். இந்த ரோட்டை பிரெஞ்சு விமானங்கள் குண்டு போட்டுப் பெயர்க்கப் பெயர்க்க, இரவோடிரவாக மண்வெட்டியோடு வந்து மக்கள் மூடியிருக்கிறார்கள். வழியெல்லாம் மந்தாரை பூத்திருந்தது. அங்கே அதை 'பான்' பூ என்கிறார்கள். டியன் பியன் பூவில் கடைசிச் சண்டை தொடங்கிய 1954 மார்ச் 13ஐ ஒட்டித்தான் அது பூக்கும்.

ஊர் ஒரு தட்டு மாதிரி. நடுவில் பச்சை வயல், சுற்றிலும் மலை. 1953 நவம்பரில் பாராசூட்டில் இறங்கி இந்தத் தட்டின் நடுவில் கோட்டை கட்டினார்கள் பிரெஞ்சுக்காரர்கள். குன்றுகளுக்கு பெயாத்ரிஸ், கேப்ரியேல், எலியான் என்று பெண் பெயர்கள் வைத்தார்கள். வியட்நாமியர்கள் ஹிம் லாம், டோக் லாப் என்று கூப்பிட்ட இடங்கள். சுற்றியிருக்கும் மலைக்கு மேல் பீரங்கியை யாரும் ஏற்ற முடியாது என்பது அவர்கள் கணக்கு.

ஏற்றினார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கிகளை வடம் கட்டித் தேர் இழுப்பதுபோல் காட்டுக்குள் இழுத்தார்கள். எல்லாம் தயாரான பிறகு, ஜனவரி கடைசியில், தாக்குதலை ஜியாப் தள்ளிவைத்தார். பீரங்கிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். அவசரப்பட்டால் ஆட்கள் வீணாகச் சாவார்கள் என்று அவருக்குப் பட்டது. தன் வாழ்நாளின் மிகக் கடினமான முடிவு அது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். அப்படி இறக்கும்போது ஒரு பீரங்கி சரிந்தது, தோ வின் தியென் என்ற வீரர் சக்கரத்துக்குக் குறுக்கே விழுந்து அதை நிறுத்தினார். சீனா கொடுத்த பீரங்கியும் ஆலோசகர்களும் இல்லாமல் இந்த வெற்றி இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பீரங்கிக்குக் குண்டும் ஆளுக்கு அரிசியும் கொண்டுவந்து சேர்த்தவர்கள் 2.6 லட்சம் சாதாரண மக்கள்.

அருங்காட்சியகத்தில் அவர்களுடைய சைக்கிள் ஒன்று நிற்கிறது. இப்படி 20,000க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் வந்தன. ஓட்டுவதற்கு இல்லை, தள்ளுவதற்கு. ஹாண்டில்பாரில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டியிருக்கிறார்கள், சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழி. ஒரு கையால் திருப்பி, மறு கையால் தாங்கி, இருநூறு முந்நூறு கிலோ மூட்டையோடு மலையேற்றம். டயர் கிழியாமல் இருக்கப் பழைய துணியைச் சுற்றியிருக்கிறார்கள்.

அதற்குப் பக்கத்தில் ஒரு மரத் தள்ளுவண்டி. என்னை அங்கேயே கட்டிப்போட்டது அதுதான். தான் ஹோவா மாகாணத்து விவசாயி ஒருவர் வீட்டில் கிடைத்த மரத்தை வைத்துச் செய்தது. சக்கரத்துக்குப் பலகை போதவில்லை. முன்னோரைக் கும்பிடும் பூஜைப் பலகையில் இருந்து ஒரு துண்டை எடுத்துச் சேர்த்துவிட்டார். குனிந்து பார்த்தால் சக்கரத்தின் அந்தப் பகுதியில் மட்டும் அரக்கு வண்ணத்தின் பழைய மினுக்கம் தெரிகிறது. நம் வீட்டில் குலதெய்வ மாடத்தைப் பெயர்த்து வண்டிச் சக்கரம் செய்வோமா? அப்படிச் செய்ய ஒரு மனிதருக்கு எவ்வளவு மனம் வேண்டும், எவ்வளவு பட்டிருக்க வேண்டும்!

அன்று இரவு தங்கியது அந்தப் பகுதியில் வாழும் 'தாய்' (Thái) என்ற இனத்துக் குடும்பம் ஒன்றின் மரக்கால் வீட்டில். வீட்டம்மா உச்சிக் கொண்டை போட்டிருந்தார், கல்யாணமான பெண் என்பதற்கு அதுதான் அடையாளம். சாப்பாட்டுக்கு முன் தானே காய்ச்சிய அரிசிச் சாராயத்தைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார். முதல் கிண்ணம் முன்னோர் படத்துக்கு முன்னால். எனக்குப் பழக்கமில்லை, உதட்டில் வைத்துக்கொண்டேன். இந்தக் கிண்ணத்துக்காகவே ஒரு காலத்தில் சிறைக்குப் போயிருப்பார்கள். 1897ல் வந்த கவர்னர் ஜெனரல் போல் தூமேர் உப்பு, சாராயம், அபின் மூன்றையும் அரசின் தனியுரிமை ஆக்கினார். வீட்டில் காய்ச்சுவது குற்றம். அரசு ஆலைச் சாராயத்தை இத்தனை தலைக்கு இத்தனை என்று ஊர்கள் வாங்கியே தீர வேண்டும். உப்பு விளைவித்தவனே அதை அரசுக்கு விற்றுவிட்டுப் பல மடங்கு விலையில் திரும்ப வாங்க வேண்டும். முன்னோருக்குப் படைக்கும் கிண்ணத்திலும் கைவைத்தார்கள் என்று அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஏ1 குன்று. பிரெஞ்சுக்காரர்களுக்கு எலியான்-2. ஒரு மாதத்துக்கும் மேல் இதன் மண்ணுக்காக இரண்டு பக்கமும் செத்தார்கள். கடைசியில் சுரங்கம் தோண்டி, கிட்டத்தட்ட ஒரு டன் வெடிமருந்து வைத்து, மே 6 இரவு வெடித்தார்கள். அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, உள்ளே புல் முளைத்து, ஒரு கிணறு தூர்ந்தது மாதிரி. மறுநாள் மாலை தளபதி தெ காஸ்திரி தன் பதுங்கு குழியில் பிடிபட்டார். 56 நாள் போர் முடிந்தது. ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம். அதை மேற்பார்வையிட்ட சர்வதேசக் குழுவுக்கு இந்தியாதான் தலைமை. அதே வருடம் நவம்பர் 1ல் புதுச்சேரியை விட்டும் பிரான்ஸ் போனது. பள்ளிப் புத்தகத்தில் இந்த இரண்டையும் யாரும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லவில்லை.

பதுங்கு குழிக்கு அருகே பிரெஞ்சுப் பக்கம் செத்தவர்களுக்கும் ஒரு வெள்ளை நினைவுத்தூண் இருக்கிறது. பிரெஞ்சுப் பக்கம் என்றாலும் அதில் மொராக்கோ, அல்ஜீரிய, ஆப்பிரிக்கக் கிராமத்துப் பையன்களும் வியட்நாமியர்களுமே நிறைய. எங்கள் சொல்தா தாத்தா இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தவர் இல்லை. ஆனால் சோற்றுக்காகச் சீருடை போட்டவர்களில் அவரும் ஒருவர். அவரை நினைத்து அங்கே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏ1 குன்றுக்கு எதிரே கல்லறைத் தோட்டம். 644 கற்கள். பெயர் உள்ளவை 4. சக்கரத்தை நிறுத்திய தோ வின் தியென், ஹிம் லாமில் எந்திரத் துப்பாக்கியின் துவாரத்தைத் தன் உடம்பால் அடைத்த பான் தின் ஜோத், தோளைத் துப்பாக்கிக்குத் தாங்கலாகக் கொடுத்த பே வான் தான், பிறகு சான் கான். மிச்சம் 640ல் நட்சத்திரம் மட்டும்தான். செத்தவர்களின் பெயர்களை மாகாணவாரியாகச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். பெயர்கள் சுவரில், உடல்கள் மண்ணில். எது எவருக்கு என்று சொல்ல யாருமில்லை. வியட்நாம் அரசின் கணக்கில் இந்த 56 நாள் போரில் இறந்த தன் வீரர்கள் 4,000 சொச்சம், மேற்கத்திய ஆய்வாளர்கள் அதைப்போல் இரண்டு மடங்கு என்கிறார்கள்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா கை நிறைய ஊதுபத்தியோடு கல் கல்லாகப் போய்க்கொண்டிருந்தார். வழிகாட்டித் தம்பியிடம் கேட்கச் சொன்னேன். அவருடைய பெரியப்பா. பெயர் சுவரில் இருக்கிறது, எந்தக் கல் என்று தெரியாது. அதனால் வருகிறபோதெல்லாம் எல்லாக் கல்லுக்கும் வைக்கிறாராம்.

என்னிடம் ஒரு கட்டை நீட்டி, இடதுபக்க வரிசையைக் காட்டினார். தூறலில் தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. அவருடைய பத்தியில் இருந்தே என் பத்தியைப் பற்ற வைத்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையின் பாதியில் என் கட்டு தீர்ந்துவிட்டது. அவர் பையில் இன்னும் இருந்தது. "சி" என்று கூப்பிட்டு வாங்கிக்கொண்டேன்.