படலையடியில் வாங்கிய கையெழுத்து

போன மாதம் கல்லடி வீட்டில் அம்மா தனியாக இருந்த நேரம், கழுத்தில் இன்டர்நெட் கம்பனி அட்டை தொங்கவிட்ட இரண்டு பொடியன்மார் படலையைத் தட்டி, "அம்மா, உங்கட பழைய லைனை சும்மா மாத்தித் தாறம், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொல்ல, அவரும் "சரி மகன்" என்று விறாந்தையிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார். அடையாள அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தத் தாளைப் பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது. முழுக்க ஆங்கிலம். அடியில் பொடி எழுத்தில் 24 மாத ஒப்பந்தம், இடையில் நிறுத்தினால் மிச்சக் காசையும் கட்ட வேண்டும். அம்மாவுக்குத் தமிழ்ப் பேப்பர் வாசிக்கவே கண்ணாடி வேண்டும்.

அடுத்த நாளே அந்தக் கம்பனியின் கிளைக்குப் போய், இணைப்பு வேண்டாம் என்று கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்கினேன், அதற்கே ஒரு மணித்தியாலம் வாதாட வேண்டியிருந்தது. கடிதத்தை ஏற்க மறுத்தால் விடாதீர்கள்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். வாடிக்கையாளரைப் பிழையாக வழிநடத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமே தடுக்கிறது.

"நல்லாத்தானே கதைச்சாங்க" என்று அம்மா இன்னும் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரவுட்டர் பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்து அதற்கும் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும்.