ஸ்கேன் நார்மல், மூளை மந்தம்: கோவிட்டுக்குப் பின் எங்கிருந்து தொடங்குவது?

கோவிட் வந்துபோய் மூன்று மாதம் கழித்தும் பேச்சின் நடுவில் வார்த்தை நழுவுகிறது, படித்த பத்தியையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது, குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றுகிறது. இந்த நிலையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் நார்மல் என்றுதான் வரும். உடனே “எல்லாம் மனப்பிரமை” என்று நினைத்துவிடாதீர்கள். கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு போன்றவைதான் அந்த ஸ்கேனில் தெரியும். இதயத்துடிப்பையும் ரத்தக்குழாய்களையும் தானாகவே நடத்தும் தன்னியக்க நரம்புகள் தடுமாறினால் அதில் தெரியாது.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு), பி12, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். இவற்றில் கோளாறு இருந்தாலும் இதே மந்தம் வரும். அதற்கு மருந்தும் உண்டு.

அடுத்தது, தன்னியக்க நரம்புகள் தடுமாறுகின்றனவா என்று அறிய நின்று பார்க்கும் சோதனை. காலையில், காபி குடிக்கும் முன் செய்வது நல்லது. பத்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறியுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கும்படி நின்று, தோளை மட்டும் சுவரில் சாயுங்கள். பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் எழுதுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கண் இருட்டினால் அந்த நொடியே உட்கார்ந்துவிடுங்கள்.

படுக்கையில் 70 இருந்த துடிப்பு நின்றதும் 104 ஆகி அங்கேயே நிற்கிறது, அழுத்தமோ இறங்கவில்லை என்றால் ‘பாட்ஸ்’ (நின்றதும் துடிப்பு அளவுமீறி உயரும் தன்னியக்க நரம்புக் கோளாறு) இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு 30, பன்னிரண்டு முதல் பத்தொன்பது வயதினருக்கு 40 கூடுவதுதான் அளவுகோல். பலரும் தவறுவது காலில்தான். நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்தால் கெண்டைத்தசை ரத்தத்தை மேலே தள்ளிவிடும். உயர வேண்டிய எண் உயராது. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் எண்ணைக் குறைத்துக் காட்டும், ஆனால் சோதனைக்காக அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. உப்பையும் தண்ணீரையும் கூட்டுவது பாட்ஸுக்கு உதவும். ரத்தக்கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதுவே ஆபத்து. ஆகவே மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது உழைப்புக்குப் பின் வரும் சரிவு. அது பெரும்பாலும் உடனே வராது. 12 முதல் 72 மணி நேரம் கழித்து வரும். திங்கட்கிழமை நீண்ட மீட்டிங், புதன்கிழமை எழ முடியவில்லை. இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நோட்டில் மணிவாரியாக வேலை, தூக்கம், மந்தம் மூன்றையும் இரண்டு வாரம் எழுதினால் முடிச்சு தெரியும். தெரிந்தபின், களைப்பு வரும் முன்பே நிறுத்துங்கள். நாற்பது நிமிடத்தில் தலை கனக்கிறதா? இருபத்தைந்தில் எழுந்து, இருட்டறையில் போன் இல்லாமல் படுங்கள். கணக்குப் பார்ப்பதும் உழைப்புதான். உடல் அசையவில்லையே என்று ஏமாறாதீர்கள். “தினம் கொஞ்சம் கூட்டி நட, சரியாகிவிடும்” என்ற அறிவுரை இந்தச் சரிவு உள்ளவர்களைக் கீழே தள்ளும். இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம்.

திடீரென வாய் கோணல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தால் அது மூளை மந்தம் அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

வாசனை திரும்பாதவர்கள் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலை மாலை, ஒவ்வொன்றும் 20 விநாடி, மெதுவாக முகர்ந்து பழகுங்கள். குறைந்தது 12 வாரம் ஆகும். நடுவில் காபியும் வெங்காயமும் கருகல் நாற்றமடிக்கலாம். பயந்து விட்டுவிடாதீர்கள்; முகர்வு நரம்புகள் மீண்டும் வளரும் காலத்தில் அப்படித் திரிந்த வாசனை வருவது வழக்கம்.