உரிய மதிப்பு

வரைவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பக்கத்தில் ‘உரிய மதிப்பு’ என்ற சொற்களுக்கு அருகே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். மார்ச் 27 அன்று மாலை அதை நானே ரப்பரால் அழித்தேன். அலுவலகப் படியை இப்போது எடுத்துப் பார்த்தாலும் தாளைச் சற்றுச் சாய்த்தால் அந்தக் குறியின் தடம் தெரிகிறது.

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கத்தில் கேரட் கழுவும் நிலையம் ஒன்றை அரசும் ஒரு தனியார் நிறுவனமும் செலவைப் பகிர்ந்து அமைப்பதற்கான ஒப்பந்தம் அது. கழுவிய நீரை ஓடையில் விடாமல் தொட்டிகளில் தெளியவைத்து மறுபடி பயன்படுத்துவதுதான் அதன் சிறப்பு. மொத்தச் செலவு 80 லட்சம். இரு தரப்புக்கும் பாதிப் பாதி. அரசின் 40 லட்சம் முழுவதும் பணம். நிறுவனத்தின் 40 லட்சத்தில் 18 லட்சம் பணம், மீதி 22 லட்சத்துக்கு ஈடாகச் சமவெளியில் உள்ள தங்கள் ஆலையில் ஆறு ஆண்டுகள் ஓடிய ஒரு கழுவும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுவுவதாக ஏற்பாடு. பணமாக இல்லாமல் பொருளாகத் தரும் பங்கை ‘உரிய மதிப்பில்’ கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்த மதிப்பை யார் நிர்ணயிப்பது, எந்த நாளின் மதிப்பு, தேய்மானம் கழித்தா கழிக்காமலா என்று எங்கும் சொல்லவில்லை.

நிறுவனத்தின் மேலாளரிடம் நான் கேட்ட கேள்வி நேரடியானது. “சார், உரிய மதிப்பு என்பது நீங்கள் வாங்கியபோது கொடுத்த விலையா, இன்று விற்றால் கிடைக்கும் விலையா?”

அவர் கோபப்படவில்லை. “மேடம், எங்கள் தணிக்கையாளர் சான்று தருவார். அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தால் நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து திரும்பி வர பத்து நாளாவது ஆகும். உங்களுக்கு 31ஆம் தேதி இருக்கிறது” என்றார்.

‘உங்களுக்கு 31ஆம் தேதி இருக்கிறது’ என்ற அந்த வாக்கியத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அதில் மிரட்டல் எதுவும் இல்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரிந்த உண்மையை அவர் நினைவூட்டினார், அவ்வளவுதான். நிதியாண்டு முடிவதற்குள் செலவிடாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மறு ஆண்டு அதே தலைப்பில் அதே தொகை வரும் என்பதற்கு உறுதி எதுவும் கிடையாது. அந்த 40 லட்சத்துக்காக இரண்டு ஆண்டுகள் கடிதம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி. விடியுமுன் கேரட் பிடுங்கி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி புறப்படுவதற்குள் கழுவி மூட்டை கட்டியாக வேண்டிய விவசாயிகளின் அவசரத்தை நேரில் பார்த்தவள். மேலதிகாரியும் “சான்று வருகிறதல்லவா, அனுப்புங்கள்” என்றார். அழித்தேன், அனுப்பினேன்.

இப்படி எழுதும்போது நான் செய்தது சரி என்றே தோன்றுகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை. சான்று வந்தது, அதில் இயந்திரத்தின் மதிப்பு 22 லட்சம், அதாவது அவர்கள் முதலில் வாங்கிய விலை. வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு அனுமதிக்கப்படும் 15 விழுக்காடு தேய்மானத்தை ஆண்டுதோறும் குறையும் மதிப்பின் மேல் ஆறு முறை கழித்தால், 22 லட்சம் ஏறக்குறைய 8.3 லட்சமாகிறது. அப்படியானால் நிறுவனத்தின் உண்மையான பங்கு 26.3 லட்சம்தான், திட்டத்தின் உண்மையான செலவும் 66.3 லட்சம்தான். பாதி என்று கையெழுத்திட்ட அரசு அறுபது விழுக்காட்டைக் கொடுத்திருக்கிறது. விகிதத்தை எழுதிய பக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருளின் மதிப்பைச் சொல்லும் ஒரு சொல்லைத் திறந்தபடி விட்டதால் விகிதமே மாறிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. கையில் கால்குலேட்டர் இருந்தது. நான்கு நாட்களும் இருந்தன.

இரண்டாம் பருவத்தில் உருளையின் பேரிங்குகள் போயின, பின்னர் மோட்டாரும் போயிற்று. பழுதுபார்ப்பு திட்டச் செலவில் அடங்கும், அதையும் சமமாகப் பகிர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் நிறுவனம் தன் 40 லட்சமும் முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டது, உச்சவரம்புக்கு மேல் தர இயலாது என்று எழுதியது. காகிதத்தின்படி அது சரி. அவர்கள் இணையான தொகை போடாமல் எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு ரூபாய் விடுவிக்க முடியாது. சரியான மதிப்பை எழுதியிருந்தால் அவர்கள் கொண்டுவந்திருக்க வேண்டிய 13.7 லட்சத்தில் ஒரு சிறு பகுதி அந்தப் பழுதுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். நிலையம் நின்றது. மூட்டைகள் பழையபடி ஓடைக்கரைக்குப் போயின.

அதன் பிறகுதான் இந்தச் சொற்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முன்பே படித்திருக்க வேண்டியவை. மானியத்தில் முழுவதுமாகவோ பெருமளவிலோ வாங்கிய சொத்துகளை முன் அனுமதியின்றி விற்கக்கூடாது என்று மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் சொல்கின்றன; ‘பெருமளவு’ என்பதற்குள் பாதிப் பங்கு அடங்குமா என்று வாதிடலாம் என்பதால், சொத்து யாருடையது என்பதை ஒப்பந்தமே சொல்லியாக வேண்டும். தணிக்கையும் அப்படித்தான். இந்தியத் தணிக்கைத் தலைவரின் கடமைகள் பற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஓராண்டில் 25 லட்சத்துக்குக் குறையாமலும் மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் அரசு நிதி பெறும் அமைப்பையே கணிசமாக நிதி பெற்றதாகக் கொண்டு தணிக்கைக்கு உட்படுத்துகிறது. அந்த அளவுகோலுக்குள் எங்கள் பாதிப் பங்கு வராது. எனவே நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் வாங்கவில்லை. பின்னர் வந்த தணிக்கைக் குழு, இந்த மதிப்பை யார் நிர்ணயித்தார் என்று எங்களிடம் கேட்டது. காட்டுவதற்கு அந்த ஒரு சான்றுதான் இருந்தது.

என்னை மிகவும் உறுத்தியது அமெரிக்கக் கூட்டரசின் மானிய விதிகளில் படித்த ஒரு வரி. அவர்களிடமும் பொருளாகத் தரும் பங்கு உண்டு. ஆனால் நன்கொடையாக வரும் கருவியின் மதிப்பு, தரப்படும் நேரத்தில் அதே வயதும் அதே நிலையும் கொண்ட கருவியின் நியாயமான சந்தை மதிப்பைத் தாண்டக்கூடாது என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். ‘அதே வயது, அதே நிலை.’ நான்கு சொற்கள். நான் கேட்ட கேள்விக்கான பதில் அதுதான்; கேள்வியை அழித்ததற்குப் பதிலாக இந்த நான்கு சொற்களை எழுதியிருக்கலாம்.

எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். சென்ற ஆண்டு கோத்தகிரி பக்கத்தில் அதே மாதிரி நிலையத்துக்கு வேறொரு நிறுவனத்துடன் பேச்சு நடந்தபோது வரைவை நானே எழுதினேன். பொருளாகத் தரும் பங்குக்கு அதே வயது, அதே நிலை. இரு தரப்பும் ஏற்கும் மதிப்பீட்டாளர். பழுதுக்கென்று தனி வைப்பு. கணக்கேடுகளைப் பார்க்கும் உரிமை. அவர்கள் வரைவை மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்கள். டிசம்பரில் ஒரு முறை தொலைபேசியில் பேசினார்கள். மார்ச் முடிந்தது; ஒதுக்கீடு திரும்பிப் போயிற்று.

அந்த ஊர் விவசாயிகள் மூன்று பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். மூத்தவரிடம் அந்தப் பிரிவை வாசித்துக் காட்டினேன், கேத்தியில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்கள் எழுதியது சரிதான் அம்மா. தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒன்றரை வருடமாவது மெஷின் ஓடியது. அந்த ஒன்றரை வருடம் அவர்கள் பிள்ளைகள் தண்ணீரில் நிற்கவில்லை. எங்களுக்கு அதுவும் இல்லையே” என்றார்.

“இந்த வருடம் மறுபடி கேட்டிருக்கிறோம், ஐயா” என்றேன்.

“இதே பேப்பரோடா?”

ஆமாம் என்று சொன்னேன். சொன்ன பிறகு, மதிப்பீட்டாளர் வேண்டும் என்ற வரியையாவது தளர்த்தலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தளர்த்தவில்லை. பழுது வைப்புத் தொகையை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறேன். அது விவேகமா, மறுபடி ரப்பரைக் கையில் எடுத்ததா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரைவு போய் ஆறு வாரம் ஆகிறது. பதில் வரவில்லை.