குட்டி யானை இல்லாமல் கச்சேரிக்கு: 16 இன்ச் கிக் செய்து பார்த்த கதை

தை மாதக் கடைசியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரிசப்ஷன். மண்டபம் முதல் மாடியில். லிஃப்ட் இருந்தது, ஆனால் சாம்பார் அண்டா ஏற்றி இறக்கவே பத்தவில்லை என்று சமையல்காரர் எங்களைக் கிட்டேயே விடவில்லை. காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்மான 22 இன்ச் கிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கால் எந்தப் படியில் இருக்கிறது என்றே தெரியாமல் ஏறினேன். ராத்திரி பதினொன்றரைக்கு அதே படியில் இறக்கம். ஏழு நடை. எனக்குக் கொடுத்தது 2,500 ரூபாய், கோவையிலிருந்து போய்வரக் குட்டி யானை வண்டிக்கு 1,400. டிரைவருக்கும் எனக்கும் டீ, புரோட்டா போக மிஞ்சியது ஆயிரம்கூட இல்லை.

வாரநாளில் பம்ப் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். ட்ரம்ஸ் சனி, ஞாயிறு மட்டும்தான். ஆனாலும் வண்டிக்காரருக்குச் சம்பாதித்துக் கொடுக்கவா வாசிக்கிறேன் என்று அன்றைக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஒரு ஆளால் தூக்க முடிகிற, என் ஆல்டோ காரில் அடங்குகிற ட்ரம் கிட் வேண்டும், 25,000 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா கிடையாது, இதுதான் கணக்கு.

குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனிடம் சொன்னதும் சிரித்தார். “தம்பி, பேசாம பேட் வாங்கிக்கோ. பையில போட்டுக்கிட்டு பஸ்லயே வந்துரலாம்.” அவர் சொன்னதில் தப்பில்லை. ரோலண்டு ஆக்டாபேட் என்கிற எலக்ட்ரானிக் பேட் இல்லாத மெல்லிசைக் குழுவை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும், தபேலா, டோலக், தவில் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும்போது யார் எதைச் சுமப்பார்கள்? ஆனால் எங்கள் குழுவில் ஏற்கெனவே ஒருவர் பேட் வாசிக்கிறார். நானும் அதையே வாசித்தால் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், அது யார் என்பதும் எனக்குத் தெரியும். நண்பரிடம் கஹோன் இரவல் வாங்கியும் பார்த்தேன், பெரு நாட்டிலிருந்து வந்த அந்த மரப்பெட்டி. கிதாரோடு மெதுவான நாலு பாட்டுக்கு அருமை. ஐந்தாவதாகக் குத்துப்பாட்டு வந்ததும் உள்ளங்கை எரிய ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் கம்பெனிகள் சின்னதாகவே செய்து விற்கும் கிட்கள். இதில் நாலு நாள் ராத்திரித் தூக்கம் போனது. லட்விக் பிரேக்பீட்ஸ், அமெரிக்க ட்ரம்மர் குவெஸ்ட்லவ்வோடு சேர்ந்து செய்தது: 16 இன்ச் கிக், 10 இன்ச் டாம் (மேலே மாட்டும் சின்ன ட்ரம்), 13 இன்ச் ஃப்ளோர் டாம் (தரையில் கால் ஊன்றி நிற்பது), 14 இன்ச் ஸ்னேர் (அடியில் கம்பி கட்டியது). டாமா கிளப் ஜாம்: 18 இன்ச் கிக், ஆனால் ஆழம் 12 இன்ச்தான், ஃப்ளோர் டாம் 14க்கு வெறும் 7 இன்ச் ஆழம், தாம்பாளம் மாதிரி இருக்கும். கிரெட்ச் கேட்டலினா கிளப்: கிக் 18, டாம் 12, ஃப்ளோர் டாம் 14, மஹோகனி மரம். 18 இன்ச் கிக் ஒன்றும் புதுச் சமாச்சாரம் இல்லை, ட்ரம்மர் டோனி வில்லியம்ஸ் 1963இல் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் குழுவில் சேர்ந்தபோதே வாசித்தது அந்த அளவு கிரெட்ச்தான். எல்லாம் சரி. விலையைப் பார்த்ததும் என் பட்ஜெட் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று, புதிதாக வாங்கப்போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: இவற்றில் பெரும்பாலானவை ஷெல் பேக்காக வருபவை. ட்ரம்கள் மட்டும்தான் வரும். ஸ்டாண்டு, பெடல், ஸ்டூல், சிம்பல் என்கிற உலோகத் தட்டு எதுவும் வராது, அதற்குத் தனியாகக் கிட்டத்தட்ட இன்னொரு கிட் விலை ஆகிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் உருப்படியான ஒரு காரியம் செய்தேன். எங்கள் தெரு முனையில் பழைய இரும்புக் கடை இருக்கிறது. கிட் மொத்தத்தையும் கொண்டுபோய் அவர் எலக்ட்ரானிக் தராசில் வைத்து ஒவ்வொன்றாக எடை போட்டேன். விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கிலோவுக்கு எவ்வளவு என்று ஆரம்பித்துவிட்டார் கடைக்காரர், “இல்லீங்கண்ணா, சும்மா எடை மட்டும் பாக்கணும்” என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஐந்து ட்ரம்மும் சேர்ந்து 25.6 கிலோ, அதில் 22 இன்ச் கிக் மட்டும் 9.4. சிம்பல்கள் 5.7. ஸ்டாண்டு, பெடல், ஸ்டூல் எல்லாம் அடைத்த பை 26.3 கிலோ! இத்தனை வருடமாகக் கிக்கைத் திட்டிக்கொண்டிருந்தேன், முதுகை உடைத்தது இரும்பு. இரண்டிரண்டு பட்டைக் கால் போட்ட, மேலே கை நீட்டிய பூம் ஸ்டாண்டுகள், நான் வாசிக்கும் இரண்டு சிம்பலைத் தாங்க எதற்கு?

அதனால் புது ட்ரம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். என்னிடமே 16 இன்ச் ஃப்ளோர் டாம் இருக்கிறது, அதைப் படுக்கப் போட்டால் கிக். 13 இன்ச் டாமை இன்னொரு ஸ்னேர் ஸ்டாண்டில் உட்கார வைத்தால் ஃப்ளோர் டாம். 12 இன்ச் டாமை சிம்பல் ஸ்டாண்டிலேயே ஒரு கிளாம்ப் போட்டு மாட்டலாம். ட்ரம்முக்குச் செலவு பூஜ்யம், பணம் முழுக்க இரும்பைக் குறைக்க.

படுக்கப் போட்டால் போதும் என்று சொல்வது சுலபம். 22 இன்ச் ட்ரம்மின் நடு, தரையிலிருந்து 11 இன்ச் உயரத்தில் வரும். 16 இன்ச்சுக்கு 8தான். வழக்கமான பெடலை வைத்து மிதித்தால் பீட்டர், அதாவது பெடலில் இருக்கும் அடிக்கிற குமிழ், மேல் விளிம்புப் பக்கமாகப் போய் அடிக்கும், சத்தம் செத்துப்போகும். பீட்டர் கம்பியைக் கொஞ்சம் கீழே இறக்கலாம், மீதிக்கு ட்ரம்மைத்தான் தூக்க வேண்டும். ஃப்ளோர் டாமின் விளிம்பு வளையமான இரும்பு ஹூப்பில் பெடலைக் கவ்வ வைத்தால் ஹூப் வளையும் என்பதால் அதுவும் கூடாது. கடையில் இதற்கென்றே ரைசர் விற்கிறார்கள், ஆனால் ட்ரம்மின் உடலான ஷெல்லில் துளை போட்டுக் கால் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. தெரிந்த ஆசாரியிடம் போனேன். 18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை, அதன் மேல் பிறை மாதிரி வளைத்து வெட்டிய இரண்டு கட்டை, ட்ரம் அதில் தொட்டில் குழந்தை மாதிரிப் படுத்துக்கொள்ளும், பலகையின் பின்பக்கம் நாக்கு மாதிரி நீட்டிய இடத்தில் பெடல் கவ்வும்.

முதல் தடவை சொதப்பியது நான்தான், ஆசாரி இல்லை. ட்ரம்மின் சுற்றளவை மட்டும் அளந்து கொடுத்தேன், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும், தோலை இறுக்கும் திருகு மாட்டுகிற லக்குகளை மறந்துவிட்டேன். எட்டு லக், சுற்றளவு ஐம்பது இன்ச், ஆக லக்குக்கு லக் ஆறேகால் இன்ச்தான் இடைவெளி. கட்டை அதற்குள் உட்கார வேண்டும், என்னுடையது நேராக லக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்தது. ஃப்ளோர் டாம் காலுக்கான மூன்று பிராக்கெட்டும் வேறு இடித்தன, அவற்றைக் கழற்றி, துளைகளை உள்பக்கம் டேப் ஒட்டி அடைத்தேன். பெடல் நாக்கும் ஒரு இன்ச் நீளம் கூடிவிட்டது, பீட்டர் ஹெட்டை, அதாவது ட்ரம்மின் தோலை, தொடுவதற்குள் முன்னால் சாய்ந்து விழுந்தது. ஆசாரி பீடியை ஓரமாக வைத்துவிட்டு, “ஏனுங்க, அந்த மிதிக்கிற சாமானையும் கொண்டுவந்திருந்தா மொத வாட்டியே முடிஞ்சிருக்குமில்லங்க” என்றார். நியாயம்தான். இரண்டாவது தடவை பெடலோடு போனேன், அங்கேயே உட்கார்ந்து மிதித்துப் பார்த்து வெட்டினோம். ட்ரம் இப்போது தரையிலிருந்து இரண்டேகால் இன்ச் உயரத்தில் நிற்கிறது. கூலியும் பலகையும் சேர்த்து 850.

சத்தம்? முதல் மிதிக்கு ‘டொய்ங்ங்’. படுத்தாலும் டாம் டாம்தானே. ஒரே தோலாக மெல்லிசாக இருந்த பழைய ஹெட்டைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் உள்பக்கம் வளையம் ஒட்டிய ரெமோ பவர்ஸ்ட்ரோக் 3 போட்டேன், மொத்தச் செலவில் அதிகம் யோசிக்காமல் கொடுத்த பணம் அதுதான். மிதிக்கும் பக்கம் சுருக்கம் போகிற வரைக்கும் திருகி, அதற்கு மேல் கால் சுற்று, அவ்வளவுதான். முன்பக்கம் அதைவிடக் கொஞ்சம் இறுக்கம். அந்தக் காலத்து ட்ரம்மர்கள் ஹெட்டுக்கு அடியில் ஃபெல்ட் பட்டை வைத்து இழுத்துக் கட்டுவார்கள், எனக்குக் கிடைத்தது அப்பாவின் பழைய வேட்டி. நாலு விரல் அகலத்துக்குக் கரையோடு கிழித்து, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஹெட்டுக்கு அடியில் குறுக்காக வைத்துத் திருகியதும் ‘டொய்ங்’ போய் ‘டும்’ வந்தது. தலையணை எதுவும் திணிக்கவில்லை, முன் ஹெட்டில் ஓட்டையும் போடவில்லை. இத்தனை சின்ன ட்ரம்மில் இருக்கிற காற்றே கொஞ்சம், அதையும் அடைத்துவிட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி ஆகிவிடும்.

ஸ்டாண்டுகள் பழசாகவே வாங்கினேன். ஒற்றைப் பட்டைக் கால் போட்ட நேர் ஸ்டாண்டு ஒன்று 1,300, ஸ்னேர் ஸ்டாண்டு 1,200, எடை குறைந்த ஹைஹேட் ஸ்டாண்டு (காலால் மிதித்து மூடித் திறக்கும் ஜோடி சிம்பலுக்கு) 2,000. லேசான ஸ்டாண்டில் டாமையும் சிம்பலையும் சேர்த்து மாட்டும்போது முக்காலியின் ஒரு கால் சரியாக டாமுக்கு அடியில் வரும்படி திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் முதல் ரோலிலேயே எல்லாம் சேர்ந்து மடியில் விழும். எனக்கு ஒத்திகையில் விழுந்தது, தொடையில் நீலம் கட்டியது, மேடையில் விழாததால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்டூலில் மிச்சம் பிடிக்கப் பார்த்து மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்தேன். கைப்பிடி முழங்கையில் இடிக்கிறது, இரண்டு மணி நேரத்தில் இடுப்பு போய்விட்டது. 2,400 கொடுத்து லேசான ஸ்டூல் வாங்கினேன்.

சிம்பலில் பளீரென்று அடிக்கும் 16 இன்ச் கிராஷும், தாளம் பிடிக்கும் 20 இன்ச் ரைடும் வீட்டிலேயே நிற்கட்டும் என்று இரண்டு வேலையும் பார்க்கும் 18 இன்ச் கிராஷ்-ரைடு ஒன்று பழசில் பிடித்தேன், 6,500 ரூபாய், பி8. அதாவது 92 பங்கு செம்பு, 8 பங்கு வெள்ளீயம். விலை உயர்ந்த பி20இல் வெள்ளீயம் 20 பங்கு, சத்தம் இன்னும் ஆழமாக வரும். ஆரம்பக் கிட்டோடு கொடுக்கிற பித்தளைத் தகடுகளை மட்டும் வாங்காதீர்கள், சமையலறையில் தட்டு விழுந்த சத்தம்தான். ட்ரம் மட்டமாக இருந்தாலும் டியூன் பண்ணி ஒப்பேற்றலாம், சிம்பலில் அந்த ஜம்பம் பலிக்காது.

முதல் கச்சேரி ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காஃபி கடை. நாற்பது பேர் உட்காரலாம், கிக்குக்கு மைக்கே வைக்கவில்லை. சத்தம் அளவாக, பாடுகிறவர் முகத்தைச் சுளிக்காமல் பாடினார், இதுவே எனக்குப் புதுசு. ஆனால் வழவழப்பான டைல்ஸ் தரையில் தொட்டில் பலகை ஒவ்வொரு மிதிக்கும் அரை விரல் நகர்ந்து, மூன்றாவது பாட்டு முடிவதற்குள் கிக் கிதார் வாசிப்பவரின் காலடிக்குப் போய்விட்டது. பாவம், அவர் ஒரு காலால் அதை அணைத்துக்கொண்டே மீதியை வாசித்தார். இப்போது பலகைக்கு அடியில் வெல்க்ரோ ஒட்டி, ஸ்டூலையும் சேர்த்து ஒரே தரைவிரிப்பின் மேல் வைக்கிறேன். என் எடையே அதைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது, மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டபம். சவுண்ட்காரத் தம்பி மேடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணா, கிக் வண்டியில இருக்குதுங்களா?” என்றான். காலடியைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே மைக்கை வைத்தான். 60, 70 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றி, 350 பக்கம் நன்றாக வெட்டியதும் சப்ஊஃபரில் வந்த சத்தத்தைக் கேட்டு அவனே திரும்பிப் பார்த்தான். மைக்கும் சப்ஊஃபரும் இருந்தால் கேட்கிறவர்களுக்கு 16ஆ 22ஆ என்று தெரியப்போவதில்லை.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டேன். அம்மன் கோயில் திருவிழா, திறந்த மைதானம், ட்ரம்ஸுக்கு மொத்தமே இரண்டு மைக். பக்கத்தில் பம்பையும் உடுக்கையும். என் கிக் எனக்கே கேட்கவில்லை. பாட்டுக்குப் பாட்டு இன்னும் பலமாக மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். திறந்தவெளிக்கு இது ஆகாது, அங்கே பெரிய கிக்தான், வண்டிச் செலவைக் கமிட்டியிடம் தனியாகப் பேசி வாங்கிக்கொள்ள வேண்டும்.

போன ஞாயிறு மறுபடி இரும்புக் கடைக்குப் போனேன். ட்ரம்கள் 16.2, ஸ்டாண்டு பை 13.9, சிம்பல் 3.8, தொட்டில் 2.6. ஆகமொத்தம் 36.5 கிலோ, முன்னால் இருந்தது 57.6. குறைந்த 21 கிலோவில் ட்ரம் பங்கு ஒன்பது சொச்சம், இரும்பின் பங்கு பன்னிரண்டுக்கு மேல். செலவு, தையல்காரரிடம் ரெக்சினில் தைத்த பைகளையும் சேர்த்து 21,250. ஏழு நடை மூன்றாகிவிட்டது, ஆல்டோவின் பின்சீட்டில் கிக்கும் ஸ்டாண்டு பையும் போக ஒரு ஆள் உட்காரவும் இடம் இருக்கிறது. கீபோர்டு அண்ணன்தான் இப்போது அந்த இடத்தில் வருகிறார், பெட்ரோலுக்குப் பாதி கொடுத்துவிட்டு.

இன்னும் தீராத ஒன்று: 13 இன்ச் டாமை அடித்தால் பக்கத்தில் ஸ்னேர் கம்பி ‘சர்ர்ர்’ என்று கூடவே நடுங்குகிறது. டாமை அரைச் சுரம் இறக்கிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. இந்த வாரம் ஸ்னேரின் அடி ஹெட்டை இறுக்கிப் பார்க்கப்போகிறேன். 22 இன்ச் கிக் கூடத்தில் நிற்கிறது, அம்மா அதன் மேல் மடித்த போர்வைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.